கிரேக்கம் தெரிந்தவனைப் பிரசவ வார்டுக்குக் கூப்பிடாதீர்கள்

மொழிபெயர்ப்பாளன் அடுத்தவர் பேச்சைச் சொல்லி, தன் பேச்சை விழுங்க வேண்டியவன். பிரசவ வார்டில், அதுவும் பெயர் தேடும் நாளில், எனக்கு விழுங்க வருவதில்லை. பிள்ளைக்குப் பெயர் தேடிக் களைத்த உங்களுக்கு இது புரியும்.

எழுத்து வந்துவிட்டது

பிரெஞ்சு பேசும் ஊரான ரெனானில் இருக்கும் ரமணனுக்கும் தர்சினிக்கும் பெண் குழந்தை. அன்று பகல் வீட்டுக்குப் போகிறார்கள். அதற்குமுன் பெயர் வேண்டும் என்று மருத்துவிச்சி பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் சொன்னேன். நம் வழக்கப்படி முப்பத்தோராம் நாள்தானே பெயர்? யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் ரேவதி நட்சத்திரத்துக்கு 'தே', 'தோ' என்று எழுத்து மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

தர்சினிக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது: பெயரை யாரும் குறுக்கக்கூடாது. வேலையிடத்தில் அவரை 'தார்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். ரமணன் மணிக்கூட்டையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணை, கெதியாய் ஒண்டைச் சொல்லுங்கோ. பிழைச்சால் உங்கட தலையில போட்டிடுவன்."

கொடை

கைப்பேசியில் தேடிய ரமணன் தேயோடோரா, தோரோத்தே என்று இரண்டைப் பிடித்தார். எனக்கு நாக்கு அரித்தது. இரண்டும் கிரேக்கம், கடவுள், கொடை என்ற அதே இரு சொற்கள்தான் முன்னும் பின்னுமாக மாறி நிற்கின்றன, பொருள் ஒன்றே என்று விளக்கினேன். தேயோடோராவில் போலக் கடவுள் முன்னால் நிற்பதுதானே மரியாதை என்றார் ரமணன். தையலைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்த தர்சினி சொன்னார்: "தந்தது கடவுள்தான். வயித்தை வெட்டினது எனக்கு."

மரமான பெண்

அதற்குள் தர்சினியின் தமையன் ஃப்ரிபூர்க்கிலிருந்து அழைத்தார். எழுத்தைச் சாதகத்தோடு விட்டுவிட்டு, நாகரிகமாக தாஃப்னே என்று வைக்கலாம் என்பது அவர் கட்சி. நான் பேசாமல் இருந்திருக்கலாம். துரத்தி வந்த தேவனிடம் அகப்படாமலிருக்க மரமாகிப்போனவள் தாஃப்னே, சொல்லுக்கே அந்த மரம் என்றுதான் பொருள் என்று ஸ்பீக்கரில் சொல்லிவிட்டேன். தமையன் உடனே பின்வாங்கினார்: "கலியாணத்துக்குப் பயந்து மரமான பிள்ளையின்ர பேரோ? விடுங்கோ தம்பி, விடுங்கோ."

கொஞ்சிப் பார்த்தல்

மருத்துவிச்சி மறுபடியும் எட்டிப் பார்த்தார். அறைக்கு அடுத்த தாய் காத்திருக்கிறாராம். தர்சினி அவரை நிறுத்தி, குழந்தையைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு பெயராகக் கொஞ்சிக் கூப்பிடச் சொன்னார். தேயோடோரா உடனே 'தேயோ' ஆனாள். இங்கே அது பையன்களின் பெயர். தோரோத்தே 'தோதோ' ஆனாள். பிரெஞ்சுக் குழந்தைகளின் பேச்சில் அது தூக்கம். ரமணன் தலையில் கைவைத்தார்.

தேயா என்று ஒரு பெயர் உண்டோ என்று தர்சினி கேட்டார். உண்டு, பெண்தெய்வம் என்று பொருள் என்றேன். அந்தப் பெண்தெய்வத்தின் குடும்ப வரலாறு தொண்டைவரை வந்தது, விழுங்கினேன்.

மருத்துவிச்சி குழந்தையின் முகத்தருகே குனிந்து தேயா என்றார். கொஞ்சலாக, மறுபடியும் தேயா என்றார். தர்சினி தலையணையில் சாய்ந்தார். "முழுசாய்க் கூப்பிடுறா, அண்ணை. முப்பத்தொண்டுக்குக் காதில சொல்லப்போறதும் இதுதான். பதியச் சொல்லுங்கோ."

பெயர்களின் பொருள் தெரிந்தவன் பக்கத்திலேயே நிற்கும்போது ஒரு பிள்ளைக்குப் பெயர் கிடைப்பது, அவனையும் மீறி நடக்கிற காரியம்.