ராட்சசன் மேல் எறிந்த குழவி

போன ஞாயிறு பொன்னேரியில் ஒரு மந்திரவாதி செத்துப்போனான். கொன்றது ராட்சசன்தான்... ஆனால் பழி என் மேல்!

பதறாதீர்கள். எல்லாம் விளையாட்டில்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நாங்கள் மூன்று பேர், ஞாயிறு மதியம் எங்களில் ஒருவரான தேவராஜ் வீட்டு ஹாலில் கூடுவோம். ரோல் பிளேயிங் கேம். தேவராஜ் கதை சொல்வார். நானும் ரஃபீக்கும் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் சண்டை போடுவோம். அடி விழுந்ததா, தவறியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். நாற்பது வயதில் இதெல்லாம் தேவையா? என் மனைவியும் அதைத்தான் கேட்கிறாள்.

பழவேற்காட்டு ரஃபீக் தன் மந்திரவாதியை ஒரு வருஷமாக வளர்த்து வந்தான். அன்று ஒரு சத்திரத்தின் பின்கட்டில் ராட்சசன் அவனைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். கிணற்றில் போடப்போகிறான். காப்பாற்ற வேண்டியது என் வீரன். வீரனிடம் வாள் இல்லை – முந்தின வாரம் ஆவேசமாக வீசி ஆற்றில் விட்டிருந்தேன்.

"அம்மிக் குழவிய எடுத்து எறியறேன்" என்றேன்.

"எறி. ஆனா அது ஆயுதம் இல்லபா. கைல கெடச்சத எறிஞ்சா, உருட்டறதுல நாலு கழியும். ரூல்" என்றார் தேவராஜ்.

கழித்துக்கொண்டு உருட்டியிருக்கலாம். செய்தேனா?

"மண்டைல உழுந்தா வாள விட மோசம்யா! எதுக்குக் கழிக்கணும்?"

"அடி பலமாத்தான் உழும். குறி தப்புமே! எறியறதுக்கா குழவி செஞ்சாங்க?"

நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "ட்ரயல் பாத்துடலாமா?" என்றேன். தேவராஜ் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர். எங்கள் பேட்டையில் ஒருவன் ட்ரயல் என்று சொல்லிவிட்டால் மறுப்பது மரியாதை இல்லை. தேவராஜ் வீட்டு அம்மிக் குழவியோடு மொட்டைமாடி ஏறினோம். அங்கே ஒரு பெயின்ட் டின்தான் ராட்சசன். பட்டால் கழிவு கிடையாது. படாவிட்டால் விளையாட்டிலும் படவில்லை. நிபந்தனை போட்டதும் நான்தான்.

"வேணாம்ணே, கழிச்சிக்கினே உருட்டுங்க. போறது என் உசுரு" என்று ரஃபீக் கெஞ்சினான். காதில் விழவே இல்லை.

எறிந்தேன். டின் இருந்தது ஒரு பக்கம்... குழவி போனது மறுபக்கம்! தண்ணீர்த் தொட்டியின் குழாய் உடைந்தது. என் இடுப்பும் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த தேவராஜின் மனைவி கலைச்செல்வி, பீறிட்ட தண்ணீரில் நனைந்துகொண்டே கேட்டார்: "இன்னாண்ணே இது? சட்னி அரைக்கற குழவிய மாடிக்குத் தூக்கிக்கினு வந்து இன்னா பண்றீங்க?"

ராட்சசனைக் கொல்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

"ட்ரயல் ஃபெயில்" என்றார் தேவராஜ், குழாயைத் துணியால் அடைத்தபடி. மந்திரவாதி கிணற்றுக்குள் போனான்.

கீழே வந்ததும் ரஃபீக் சும்மா பகடையை உருட்டிப் பார்த்தான். பதினெட்டு! நாலு கழித்தாலும் பதினாலு. அடி விழப் பன்னிரண்டே போதும். அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நான் ஜெயிக்க நினைத்தது ராட்சசனையா, தேவராஜையா? வாதம் சூடு பிடித்தால், யாரைக் காப்பாற்ற வாயைத் திறந்தோம் என்பதே மறந்துவிடுகிறது. வீட்டிலும் ஆபீஸிலும் எனக்கு இதே கதைதான்.

ரஃபீக் ஒரு புதுப் பாத்திரத்தை எழுத ஆரம்பித்தான். சமாதானமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் தடவ யாருப்பா?" என்றேன்.

"ராட்சசனோட தம்பிண்ணே" என்றான், தலை நிமிராமல். "நீங்க குறி வெக்கற எடம்தான் சேஃப்டி."