கராச்சர்மா கோழிகளும் அக்காவின் காய்ச்சலும்

அந்தமான் போகத் திட்டமிடுகிறவர்கள் என்னிடமும் விவரம் கேட்கிறார்கள். நான் போனது ஒரே ஒரு முறை, எழுபதுகளின் நடுவில், மே மாதக் கடைசியில். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அக்கா சரசுவுக்குக் காய்ச்சல் விடவில்லை, அடுத்த கப்பலில் வா என்று அத்தான் தந்தி கொடுத்திருந்தார். அதே தந்தியில் இன்னொரு வரியும் இருந்தது: பவுடர் டப்பா ஆறு கொண்டு வா.

அந்தப் பவுடரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. நான் அப்போது சென்னையில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். அத்தான் வேலுசாமி போர்ட் பிளேரில் அரசாங்க கிளார்க். ஊருக்கு வெளியே கராச்சர்மாவில் குடியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் முந்நூறு கோழி வளர்த்து வந்தார்; அவற்றைப் பார்த்துக்கொண்டது அக்கா. டெட்ராசைக்ளின் கலந்த அந்த மஞ்சள் பொடி, சீக்கு வந்த கோழிக்குச் சில நாள் மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து. 'தினமும் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து வையுங்கள், சீக்கே வராது, எடையும் ஏறும்' என்று அத்தானுக்குக் கடிதம் எழுதியவன் நான். விஷயம் தெரிந்தவன் என்ற பெருமையோடு எழுதினேன். ஒன்றரை வருடமாக டப்பாக்களைக் கப்பலில் அனுப்பியதும் நான்தான்.

சென்னையிலிருந்து கப்பல் மூன்றரை நாள். பங்க் வகுப்பில் படுக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கீழ்ப் படுக்கை கிடைத்தால் விடாதீர்கள், ஆட்டம் குறைவு. குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் நாலைந்து எடுத்துப் போனேன். முதல் நாளே தீர்ந்துவிட்டது.

இறங்கியது திங்கட்கிழமை காலை எட்டு மணி. அத்தான் துறைமுகத்தில் நின்றார். சவரம் செய்யாத முகம். "அவளை சனிக்கிழமையே ஆஸ்பத்திரில சேத்துட்டேன் மாப்ள" என்றார். பிறகு என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "டப்பா இருக்குல்ல?" என்றார்.

அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. கட்டிலில் பாதியாகக் கிடந்தாள். இடுப்புக்கு மேல் ஒரு பக்கமாக வலி, நடுக்கம், பிறகு கொதிக்கிற காய்ச்சல். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா தம்பி. கோழிக்குத் தண்ணி வச்சாரான்னு கேளு. இவரு மறதியக் கேக்கவே வேண்டாம்" என்றாள்.

டாக்டர் ஒரு வங்காளி. இந்தியில்தான் பேசினார். எனக்கு இந்தி அரைகுறை. ஆபீஸ் இந்தி பழகிய அத்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். சிறுநீரில் புகுந்த கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. இரண்டு வகை மாத்திரையும் ஒரு ஊசியும் கொடுத்தாயிற்று. எதற்கும் காய்ச்சல் இறங்கவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு டாக்டர் எதையோ யோசித்தவராக, "கர் மே முர்கி ஹை?" என்று கேட்டார். வீட்டில் கோழி இருக்கிறதா?

"இருக்கு, முந்நூறு" என்றார் அத்தான். அவற்றுக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. அத்தான் என்னைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்குக் கராச்சர்மாவிலிருந்து டவுன் பஸ் ஏறினேன். ஏழு கிலோமீட்டர், நாற்பது பைசா. டாக்டர் கொடுத்த கண்ணாடிக் குப்பியில், சோதனைக்காக, கோழி எச்சம் இருந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்து, "க்யா ஹை இஸ்மே?" என்று உள்ளே இருப்பது என்னவென்று கேட்டார். சொன்னேன். "மெயின்லேண்ட் லே ஜாவோகே க்யா?" என்று கேட்டுச் சிரித்தார். கடல் தாண்டி ஊருக்குக் கொண்டுபோகப் போகிறாயா என்று கேலி. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வியாழக்கிழமை டாக்டர் எங்களைச் சோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டு மேசையில் இரண்டு கண்ணாடித் தட்டுகளை வைத்தார். ஒன்றில் அக்காவின் சிறுநீரில் வளர்ந்த கிருமி, மற்றதில் கோழி எச்சத்தில் வளர்ந்தது. இரண்டிலும் பாலாடை போல வெளுப்பாகப் படர்ந்திருந்தது. மேலே மருந்தில் தோய்த்த காகித வில்லைகள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாக வெளுப்பு மறைய வேண்டும். டெட்ராசைக்ளின் வில்லையைச் சுற்றி எதுவும் மறையவில்லை. இரண்டு தட்டிலும் கிருமி அதன் விளிம்பு வரை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று வில்லைகளிலும் அதே கதி.

அத்தான் மொழிபெயர்த்தார். "தினம் கொஞ்சம் கொஞ்சமா மருந்து குடிச்சதுல கோழி வயித்துக் கிருமிக்கு அது பழகிருச்சாம். ஒரு மருந்துக்குப் பழகினது மத்ததையும் சேத்துத் தாங்குமாம். கோழி அறுக்கறப்போ, கூண்டு கழுவறப்போ கை வழியா..." டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். மீதியை நான் புரிந்துகொண்டேன்.

இந்தக் கிருமிக்குக் கேட்கக்கூடிய புதிய ஊசி ஒன்று வந்திருந்தது. தீவில் இல்லை. கல்கத்தாவுக்குச் செவ்வாயன்றே செய்தி அனுப்பியிருந்தார் டாக்டர். வாரத்துக்கு இரண்டு விமானம். வெள்ளிக்கிழமை விமானம் மழையால் கிளம்பவே இல்லை. அடுத்தது திங்கள். வெள்ளிக்கிழமை மாலை அக்கா ஒரே ஒரு முறை கண் திறந்து, "ஊசி வந்துச்சா?" என்றாள். "வந்துக்கிட்டிருக்கு" என்றேன்.

அங்கே விடியல் சீக்கிரம். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அக்கா போனாள். திங்கட்கிழமை விமானத்தில் ஊசி வந்தது.

செவ்வாயன்று காலை நான் பின்பக்கம் போனபோது அத்தான் கோழித் தண்ணீரில் மஞ்சள் பொடியைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், டாக்டர் சொன்னாரே!"

"நிறுத்தினா எல்லாம் செத்துரும் மாப்ள. அவ வளத்தது. இதாவது இருக்கட்டும்."

கரைத்த தண்ணீரைக் கூண்டுக்குள் வைத்தார். நான் தடுக்கவில்லை. கோழிகள் வரிசையாக நின்று குடித்தன. பத்து மணிக்குப் பக்கத்து டாலிகஞ்சிலிருந்து கோழிக்கடைக்காரர் சைக்கிளில் வந்து துக்கம் விசாரித்துவிட்டு, எட்டுக் கோழிகளைக் கால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

இப்போது சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடலாம். மே கடைசியில் மழை இறங்கிவிடும்; கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். பச்சைக் கறி தொட்ட கையையும் கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டாக்டர் எழுதித் தராத மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். இதெல்லாம் போதுமா என்றால், போதாது. அந்தக் கிருமி கராச்சர்மாவோடு நின்றிருக்கும் என்று நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

ஊர் திரும்பியதும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம் என்றார். "டப்பாவுல போட்டிருக்கிற மாதிரி குடுத்தா ஒண்ணும் ஆகாதுப்பா" என்றார். கவுண்டரில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் காத்திருந்தார். "தினமும் எவ்வளவு கலக்கணும் தம்பி?" என்று கேட்டார். தினமும் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ஸ்பூன்" என்றேன். அந்தக் கடையில் இன்னும் பதினோரு வருடம் வேலை பார்த்தேன்.