மாலை போட்டுக்கொண்டு ஆடிய ரம்மி

இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முந்தைய வருடங்களில் பழங்காநத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஈ, காக்கை வராது. அந்த இரண்டு மணி நேரத்தைத் தள்ள முடியாமல்தான் கடைக் கம்ப்யூட்டரில் காசு கட்டி ரம்மி ஆட ஆரம்பித்தேன். ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

ரம்மியில் ஒழுக்கம் என்றால் ஒன்றுதான். கை மோசமாக வந்தால் உடனே கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்த்தால் நஷ்டம் கொஞ்சம். ஆனால் மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடம் என்னால் முடியாது. தோற்கிற சீட்டு என்று தெரிந்தே ஆடுவேன்.

"இன்னொரு தடவ ஆடுனீங்கன்னா பரவைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் மனைவி. பயந்துபோய், கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டேன். குடியை விட மாலை போடுவார்கள்; நான் சீட்டை விடப் போட்டேன். அன்றிலிருந்து மனைவிக்கும் நான் 'சாமி'.

பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். அதற்குள் மனசு வக்கீலாகிவிட்டது. கறி கூடாது, குடி கூடாது என்று குருசாமி சொன்னார். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? பதின்மூன்றாம் நாள் மதியம் ஆடினேன். வாசலில் நிழல் ஆடினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் தினமும் ஆடினேன்.

ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கோடு அவளே வந்து நின்றாள். திரையில் என் பதின்மூன்று சீட்டும் விரிந்து கிடந்தன. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். தூக்கை மேசைமேல் வைத்தாள்.

"சாப்புடுங்க சாமி."

"ரெண்டு வார்த்த திட்டிரு" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"மாலை போட்ட சாமியத் திட்டக் கூடாது. மலைக்குப் போய்ட்டு வந்து மாலையக் கழட்டுங்க. நா இருக்கவா போகவான்னு அப்பப் பேசிக்கிருவோம்."

அதன்பிறகு நான் ஒரு சீட்டைக்கூடத் தொடவில்லை. அவளும் குறையேதும் வைக்கவில்லை. விடியுமுன் வெந்நீர், பூஜைக்குப் பூ, 'சாமி சாமி' என்று அதே மரியாதை. அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. என்னோடு மாலை போட்ட சாமிகள் மலையேறும் நாளை ஆசையோடு எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த நாள் வரவே கூடாது என்று சரணம் சொன்னவன் நான் ஒருவன்தான்.