மொட்டை போடப் போன குகை

உச்சந்தலையில் சொட்டென்று விழுந்த குளிர்ந்த துளிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புமலைக் குகைக்குள், வாசலைத் தாண்டியதுமே மேல்பாறையிலிருந்து விழுந்த துளி அது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே சிலுசிலுவென்று இருந்தது. எட்டு வயதுப் பெண்ணான எனக்கு அந்தக் குளிரை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. இடுப்பைத் தொடும் என் முடியை எடுத்துவிடத்தான் என்னை அங்கே கூட்டி வந்திருந்தார்கள்.

முந்தின வருடம் நான் காய்ச்சலில் பிழைப்பேனா என்று கிடந்தபோது, குகைக்கோயில் முருகனுக்கு என் முடியைத் தருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். நம்ம பினாங்கிலேயே தண்ணீர்மலையில் முருகன் இருக்கிறாரே என்று நான் அழுது பார்த்தேன். குகைக்கோயிலுக்கு நேர்ந்தது குகைக்கோயிலுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள்.

துறைமுகத்தில் "கிராணி" என்ற குமாஸ்தா வேலை பார்த்து கணக்கில்லாத கடிதங்கள் எழுதிய அப்பாவுக்கு எல்லா ஊரும் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு மூடநம்பிக்கை. அம்மா நேர்ந்த முருகன் குகையோ கோலாலம்பூர்ப் பக்கம். அவர் எங்களைப் படகில் அக்கரையிலுள்ள பிறைக்கும், அங்கிருந்து ரயிலில் ஈப்போவுக்கும் கூட்டிப்போய், ரிக்‌ஷாக்காரரிடம் மலாயில் "குவா" என்று குகையைக் கேட்டு, அவர் இறக்கிவிட்ட இடத்தில் பெருமையாக இறங்கினார்.

உள்ளே ஊதுவத்திப் புகைக்கு நடுவே ஒரு பெரிய புத்தர் உட்கார்ந்திருந்தார். வேலும் இல்லை, மயிலும் இல்லை. அம்மா தயங்கினாள். அதற்குள் மூன்று சீனப் பெண் துறவிகள் வந்தார்கள். மூவருக்கும் பளபளவென்று மொட்டை. அம்மாவின் சந்தேகம் பறந்துவிட்டது. இத்தனை பேர் முடி கொடுத்திருக்கிறார்கள் என்றால் இங்கே முருகன் இந்த வடிவத்தில்தான் இருக்கிறார் போலும் என்று கும்பிட்டுவிட்டு, என்னை முன்னே தள்ளி, சவரம் செய்வதுபோல் என் தலைமேல் கையை இழுத்துக் காட்டினாள்.

மூத்த துறவி என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் மெதுவாக ஏதோ கேட்டார். அப்பாவின் முகம் வெளுத்தது.

"இவங்க வழக்கத்துல மொட்டை போட்டா சாமியாராப் போறதுன்னு அர்த்தமாம். பிள்ளைய இங்கயே விட்டுட்டுப் போறீங்களான்னு கேக்குறாங்க."

அம்மா என்னை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "முடியத்தாங்க குடுக்க வந்தேன். பிள்ளைய இல்ல."

தமிழில்தான் சொன்னாள். ஆனாலும் அந்த அம்மையாருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். அந்தப் புத்தர்மேல் அன்று எனக்கு வந்த பிரியம் இன்றுவரை போகவில்லை.

அடுத்த வாரம் தண்ணீர்மலையில் அப்பா எனக்குப் பதிலாகத் தம் தலையை மொட்டைக்குக் கொடுத்தார். ஊர் தெரியாமல் கூட்டிப்போனவர்தான் ஈடு கட்ட வேண்டும், அதற்கு நம்ம ஊர் முருகனே போதும் என்பது அம்மாவின் தீர்ப்பு.

இன்று அந்த மலையில் பாதியைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். குகையும் இல்லை, அந்தத் துறவிகளும் இல்லை. யாரும் கேட்காமலே என் முடியும் எலிவாலாகிவிட்டது. ஆனால் அன்று திரும்பி வந்த ரயிலை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. முடியைக் கொடுத்துவிட்டு வரப் போன அம்மா, பிறை வரும்வரை என் சடையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள், தூக்கத்திலும் விடவில்லை. கழுத்து வலித்தது. நான் அசையவே இல்லை.