கடைமடைக்கு ஒரு பட்டை

செம்மொழி பிறந்தது நாகப்பட்டினத்துக்கு மேற்கே, ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைச் சிற்றூரில். கும்பகோணத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. எந்த வாய்க்காலில் எவ்வளவு நீர் ஓடுகிறதென்று காட்டும் பட்டை வரைபடம் ஒன்றைப் பாசன அலுவலகத்துக்காக அவள் எழுதினாள். கணினித் திரையில் அதன் சாளரத்தின் ஓரத்தைப் பற்றி இழுத்தால் பட்டைகள் வளரும். ஒடுக்கினால் அதே விகிதத்தில் குறுகும்.

ஒடுக்கிப் பார்த்தாள். நீர் முதலில் பாயும் தலைமடை வாய்க்கால்களின் பட்டைகள் குறுகியும் நின்றன. நீர் கசிந்துகொண்டிருந்த அவளூர் வாய்க்காலின் பட்டையோ அடியோடு மறைந்தது. தந்தை இராஜாங்கத்தின் சம்பாப் பயிர் கருகிக்கொண்டிருந்த நேரம் அது. கண்ணிற்படாத துயருக்கு இரங்குவார் இலர் என்றெண்ணி, எந்தப் பட்டையும் ஒரு விரற்கடைக்குக் குறையலாகாது என ஒரு வரியைச் சேர்த்தாள். சாளரம் சிறிதானால், பட்டைகளின் மேல் நீரளவைக் காட்டிய எண்கள் நெருக்கியடித்தன. அப்போது மட்டும் அவற்றை மறையச் செய்தாள்.

தலைமடையை அடைத்துக் கடைமடைக்கு முறைவைத்து நீர் விடுவதா என்று முடிவு செய்யும் கூட்டம் கூடியது. பொறியாளர் குஞ்சிதபாதம், காணொளியில் இணைந்த சென்னை அதிகாரிகளின் முகங்களுக்குத் திரையில் இடம் வேண்டி, வரைபடத்தை மூலைக்கு ஒடுக்கினார். பட்டைகள் யாவும் தாழ்ந்தன. கடைமடைப் பட்டை மட்டும் அவள் இட்ட அளவில் நின்று, மற்றவற்றின் தோளைத் தொட்டது.

“அங்கயும்தான் தண்ணி போயிருக்கே! முறை எதுக்குங்க?” என்றார் அவர்.

வரைபடத்தை விளக்க வந்திருந்த செம்மொழி பதறி எழுந்தாள். “சார், விண்டோவப் பெருசு பண்ணுங்க. அது தண்ணி இல்ல, நான் வச்ச உயரம்.”

“நீ எழுதுனத நீயே பொய்ங்கிறியாம்மா? எந்த ஊரு உனக்கு?”

சொன்னாள்.

“அதானே பார்த்தேன்!” என்றார் குஞ்சிதபாதம். அவையில் சிரிப்பெழுந்தது. சாளரத்தை ஒருவரும் விரிக்கவில்லை; முறைநீர் இல்லையென்று முடிவாயிற்று.

தந்தையிடம் தொலைபேசியில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

“நம்ம ஊரு கண்ணுக்குத் தெரியணும்னு நெனச்சியாம்மா?”

“ஆமாம்ப்பா.”

“நல்லாத் தெரிஞ்சிருச்சு, போ.”

மறுநாட் காலை இராஜாங்கம் மாடுகளை அவிழ்த்துத் தம் வயலிலேயே மேயவிட்டார்.