ரங்கூனில் மழை

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தா. எங்கள் கிடங்கு வாசலில் ஒரு தமிழர் காவலுக்கு இருந்தார். பர்மாவை விட்டு வெளியேற்றப்பட்டு வந்தவர். ஒல்லியான, நெட்டையான ஆள். காக்கிச் சட்டைக்குக் கீழே கட்டம் போட்ட பர்மா கைலிதான் கட்டுவார். மேலதிகாரிகள் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்கள்.

ரங்கூனிலிருந்து கப்பல் வந்துவிட்டால், இறங்குகிற மாலுமியை நிறுத்திப் பர்மிய மொழியில் ஏதோ கேட்பார். பதில் கிடைத்ததும் வாசலில் கிடக்கும் தன் முக்காலிக்குத் திரும்பிவிடுவார்.

ஒருநாள் பொறுக்காமல், "அப்படி என்னதான் கேக்கறீங்க?" என்றேன்.

"அங்க மழை ஆரம்பிச்சிருச்சான்னு கேட்டேன் சார்."

"விட்டுட்டு வந்தவங்களைப் பத்திக் கேக்கலாமே?"

"கேட்டா பதில் சொல்லிருவாங்க. அது நல்ல பதிலா இருக்கணுமே."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எப்படியோ, சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்துட்டீங்க" என்றேன்.

"சர்க்கார் அட்டையிலயும் திரும்பி வந்தவன்னுதான் போட்டிருக்கு. நான் பொறந்ததே அங்கதான். இங்கேருந்து நான் எப்ப சார் போனேன்?"

கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ரங்கூனில் தொடங்கிய மழை பத்துப் பதினைந்து நாளில் கல்கத்தாவுக்கு வந்துவிடும். அந்த வருடம் அது வந்த மத்தியானம் நாங்களெல்லோரும் கிடங்குக்குள் ஓடினோம். அவர் மட்டும் தொப்பியைக் கழற்றி முக்காலியில் வைத்துவிட்டு, மெதுவாக வெளியே போனார்.