தென்னைக்குப் போன சாளை

எனக்கு முன்கோபம் அதிகம். அதனால் கெட்ட காரியங்கள் எத்தனையோ. உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு கடற்கரை ஊரில்.

எங்கள் தென்கோடிப் பக்கம் மலையாள ராஜ்யத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்வதற்கு மூன்று வருஷம் முன்பு, இளம் தாய்மார்களுக்குச் சத்தான சமையல் சொல்லிக்கொடுக்க என்னை அங்கே அனுப்பினார்கள். நானோ மீன் வாடையே படாமல் வளர்ந்த சைவ வீட்டுப் பெண். மாதா கோயில் பக்கத்து ஓலைப் பந்தலில் பாசிப்பயறையும் கீரையையும் வைத்துக்கொண்டு தொண்டை கிழியப் பேசுவேன். எல்லாரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அவிப்பார்கள். பயறு வாங்க அவர்களுக்கு வழியில்லை, அந்த மணலில் கீரை முளைக்காது என்பதெல்லாம் என் புத்தியில் உறைக்கவே இல்லை.

வந்தவர்களில் ஒருத்திக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அவளுடைய முதல் பிள்ளை சத்துக் குறைந்து கால் வீங்கி இறந்துபோயிருந்தது. இப்போது இரண்டாவதாகப் பிறந்த பெண்குழந்தைக்கும் அதே வீக்கம். இரண்டு வயதாகியும் நடக்கவில்லை. முடி செம்பட்டையாகிவிட்டது. அழக்கூடத் தெம்பில்லை.

"இதுவும் போயிருமா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டாள்.

அன்றைக்குச் சாளை மீன் ஏராளமாகப் பட்டிருந்தது. விற்றது போக மிஞ்சியதைக் கூடை கூடையாகத் தென்னை மூட்டில் கொட்டி மண்ணைப் போட்டு மூடினார்கள். உரமாம். பிள்ளைகளுக்கு ஏன் கொடுப்பதில்லை என்று கேட்டேன்.

"சாளை சூடுல்லா. சின்னப் பிள்ளை தின்னா மேலெல்லாம் சொறி, கரப்பான் வரும்" என்றார் அவளுடைய மாமியார்.

வந்ததே எனக்குக் கோபம்! "தென்னைக்கு மீனு, பிள்ளைக்கு வெறுங்கிழங்கா? உங்களுக்குப் பேத்தி இவளா, தென்னையா?" என்று கத்திவிட்டேன்.

அவர் அசரவில்லை. "அவ்வளவு நல்லதுன்னா நீங்க தின்னு காட்டுங்க டீச்சர். பொறவு பிள்ளைக்குக் குடுக்கேன்."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. நான் என்ன சாதி என்று எல்லாருக்கும் தெரியும்.

"அவியுங்க" என்றேன். மிளகாய் சேர்க்காமல், மஞ்சளும் தேங்காயும் மட்டும் அரைத்து ஊற்றி அவித்தாள் அந்த இளம்தாய். முள்ளை நீக்கி, கஞ்சியில் மசித்து வாயில் வைத்தேன். கண்ணில் நீர் முட்ட விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் வையுங்க" என்றேன். சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த இரண்டாவது வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் மரியாதை வருகிறது.

மாமியார் வாக்குத் தவறவில்லை. தன் கையாலேயே முள் பொறுக்கி ஊட்டினார். முதலில் குழந்தை துப்பியது. கரப்பான் வந்துவிட்டதா என்று தினமும் அதன் உடம்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வரவில்லை. மெல்லக் கால் வீக்கம் வடிந்தது, பிறகு பசி எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு மற்றத் தாய்மார்களும் ஆளுக்கொரு சட்டியில் சாளையோடு வகுப்புக்கு வர ஆரம்பித்தார்கள்.

சில மாதம் கழித்து ஒரு காலையில், வகுப்பு நடக்கும்போது மாமியாரின் கூப்பாடு கேட்டது. என்னவோ ஏதோ என்று பதறி எழுந்தோம். மணலில் அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவருக்கு முன்னால், பொரித்த மீன் ஒன்றைக் கையில் இறுக்கிக்கொண்டு, பேத்தி தள்ளாடித் தள்ளாடி ஓடிவந்தாள்.

"ஏட்டி களவாணி, நில்லுட்டி! டீச்சர், அவளைப் பிடியுங்க!"

யார் பிடிப்பார்கள்?

"ஓடு மக்கா, ஓடு!" என்று பந்தல் அதிரக் கத்தினாள் அவளைப் பெற்றவள்.